பதிமூன்று குணங்களும் ஒரு விடுபடலும்

தன்னைத் திருத்திக்கொள்ளப் பட்டியல் போடுகிறவன், எதைப் பற்றித் தன்னை விசாரிக்க வேண்டாம் என்பதையும் அதிலேயே தீர்மானித்துவிடுகிறான். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இதற்கு நல்ல சாட்சி. ஃபிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்திய இளம் வயதில் 13 குணங்களைக் குறித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்றார்; வருஷத்துக்கு நான்கு சுற்று. தவறினால் ஒரு கறுப்புப் புள்ளி. அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகவே, யானைத் தந்தத் தகடுகளுக்கு மாறினார். அதிகம் படுத்தியது ‘ஒழுங்கு’. காகிதங்களை அதனதன் இடத்தில் வைக்கக் கடைசிவரை வரவில்லை. இதையெல்லாம் 1784ல், பாரிஸை அடுத்த பாஸியிலிருந்து சுயசரிதையில் எழுதினார்.

1923ல் டி. எச். லாரன்ஸ் இந்தப் பட்டியலைக் கிண்டல் செய்து, எதிர்ப்பட்டியல் ஒன்று போட்டார். மனிதனின் இருண்ட பகுதிக்கு இதில் இடமில்லை என்பது அவர் கோபம். கோபம் நியாயமே. ஆனால் விடுபட்டது இன்னும் ஸ்தூலமானது. பட்டியலில் ‘நீதி’ உண்டு. ஃப்ராங்க்ளின் வீட்டில் அடிமைகள் உண்டு. அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும் உண்டு. கலைந்த காகிதங்களுக்காக வருந்தியவர், அந்தப் பக்கங்களில் இவர்களைப் பற்றிப் பேசவில்லை.

1763ல் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளியொன்றை நேரில் பார்த்தபின் அவர்களைப் பற்றிய தம் அபிப்பிராயம் மாறியதாகக் கடிதம் எழுதினார். 1787ல் அடிமை ஒழிப்புச் சங்கத் தலைவர். 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன், அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்து. தகட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் செய்யாததை, அடுத்தவர் முகத்தைப் பார்த்த ஒரு நாள் தொடங்கிவைத்தது.