டூவீன் கூடத்தில் விருந்து

மண்டபம் வாடகைக்கு எடுப்பது நமக்குப் புதிதில்லை. பொங்கல் விழாவோ அரங்கேற்றமோ, பள்ளிக்கூட மண்டபத்தை மணிக்கணக்கில் எடுத்து, முன்பணம் கட்டி, இரவு நாற்காலிகளை அடுக்கித் தரையைக் கூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்கள்தாம் இந்த நேரலையில் இருக்கும் பலரும். கலைக்கூடத்தை ஒரு நிறுவனம் மாலை விருந்துக்கு எடுக்கும்போது கணக்கே வேறு. மேசையும் நாற்காலியும் எந்த ஓட்டலிலும் கிடைக்கும். அங்கே வாடகைக்குப் போவது சுவரோரம் நிற்கும் சிற்பத்தின் மதிப்பு. இன்று ஒரே ஒரு கூடத்தை வைத்து இதைப் பேசுகிறேன். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தெனன் சிற்பங்கள் இருக்கும் டூவீன் கூடம்.

ஏதென்ஸ் கோவிலிலிருந்து எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுத்த சிற்பங்கள் அவை. கிரேக்கம் அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 35,000 பவுண்டுக்கு அவற்றை வாங்கியது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு ஆர்வம் அதற்கடுத்த கதையில்.

ஜோசப் டூவீன் ஓவிய வியாபாரி. ஐரோப்பியப் பிரபுக்களின் வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய ஓவியங்களை வாங்கி, அமெரிக்கக் கோடீஸ்வரர்களுக்கு விற்றே பெரும் பணக்காரரானார். 1930களில் தம் செலவில் இந்தக் கூடத்தைக் கட்டிக் கொடுத்தார். வரைபடம் அமெரிக்கரான ஜான் ரஸ்ஸல் போப்புடையது. நம் ஊர்க் கோவில்களில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதியிருக்கும். எழுத்து பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறையும். டூவீன் அதையும் தாண்டிப் போனார். சிற்பங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பெண்டெலிக் பளிங்கில் இரும்புச் சத்து உண்டு. காலப்போக்கில் அது தேன்நிறம் கொள்ளும். அழுக்கோடு அந்த மேற்பரப்பையும் சேர்த்து, செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் கல்லாலும் தேய்த்தார்கள். 1938 செப்டம்பரில் இயக்குநர் கண்ணில் பட்ட பிறகுதான் வேலை நின்றது. உள்விசாரணை நடந்தது, அறிக்கை வெளியிடப்படவில்லை. அடுத்த ஆண்டு டூவீன் இறந்தார். 1940இல் கூடத்தில் குண்டு விழுந்தது. மக்களுக்குத் திறந்தது 1962இல்.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பளிங்கை, கூடம் கட்டிய ஒருவரின் ரசனைக்காகச் சுரண்டினார்கள். பணம் கொடுப்பவருக்கு இடம் கொடுக்கும் பேச்சு எப்போது எழுந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

வில்லியம் செயின்ட் கிளேர் 1998இல் தம் நூலின் புதிய பதிப்பில் இந்த விவகாரத்தை விரிவாக எழுத, மறு ஆண்டு அருங்காட்சியகமே ஒரு கருத்தரங்கு கூட்டியது. கிரேக்க அறிஞர்களும் வந்தார்கள். மதிய உணவாக சாண்ட்விச் பரிமாறப்பட்டது, அதே டூவீன் கூடத்தில்! கிரேக்கர்கள் கொதித்தார்கள். சாண்ட்விச்சால் கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் புரியும்.

2024 பிப்ரவரியில் ஏர்டெம் என்ற ஆடை நிறுவனம் அங்கே தன் அணிவகுப்பை நடத்தியது. சிற்பங்களுக்கு முன்னால் மாடல்கள் நடந்தார்கள். கிரேக்கப் பண்பாட்டு அமைச்சர் லினா மெண்டோனி கண்டித்தார். 2025 அக்டோபரில் அருங்காட்சியகம் தானே நிதி திரட்ட ஒரு பெருவிருந்து வைத்தது. சீட்டு 2,000 பவுண்டு. மீண்டும் சிற்பங்களுக்கு நடுவே மேசைகள், மீண்டும் மெண்டோனியின் கண்டனம்.

மறுபக்கமும் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 1980களிலிருந்தே பிரிட்டிஷ் அரசுகள் அருங்காட்சியகங்களிடம் ‘நீங்களும் சம்பாதியுங்கள்’ என்று சொல்லி வருகின்றன. பழைய கூரை ஒழுகினால் யாராவது பணம் தரத்தான் வேண்டும். ஒரு மாலை விருந்தின் வாடகையில் பள்ளிப் பிள்ளைகள் இலவசமாகப் பார்க்க முடிகிறது என்றால் நான் அதை எதிர்க்கமாட்டேன். ஆனால் அதே கட்டடத்தின் நடுவில் 2000இல் திறந்த பெரிய கண்ணாடிக்கூரை முற்றம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு இலை போட்டாலும் சிற்பத்தின் மேல் கை படாது. கலைக்கூடங்களின் வாடகை ஒப்பந்தங்களில் சிவப்பு ஒயின் கூடாது, மெழுகுவர்த்தி கூடாது என்று விதிகள் இருப்பது வழக்கம். அவை கல்லைக் காப்பவை. உரிமை கேட்டு ஒரு நாடு வாசலில் நிற்கும்போது அந்தப் பொருளை விருந்துக்கு அலங்காரமாக வைக்கலாமா என்பதற்கு விதி எதுவும் எழுதப்படவில்லை.

அந்த 2025 விருந்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தூண்டுதல் அப்போது அங்கே நடந்துகொண்டிருந்த பண்டைய இந்தியக் கண்காட்சி. அதே அருங்காட்சியகத்தில் அமராவதி பௌத்தச் சிற்பங்களும் இருக்கின்றன. 1845இல் மதராஸ் அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்து, சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்து, பின் லண்டனுக்குக் கப்பலேறியவை. எல்ஜின் பளிங்கு போலவே அவற்றுக்கும் ‘எலியட் பளிங்கு’ என்று பெயர் இருந்தது. மீதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனில் இருப்பவர்கள் 33ஏ அறைக்கு ஒரு முறை போய்வாருங்கள்.