உணவாலைகளில் புலம்பெயர்ந்த சிறார் : ஒரு வரலாற்றுப் பாடம்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடல் கடந்த நாட்டின் ஆலைகளில் உழைத்த பிள்ளைகளைப் பற்றி எழுதுவானேன் என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. நம் பாட்டன்மாரில் பலர் எழுதுகோலைக் காணுமுன் பண்ணையாரின் மாட்டுக் கயிற்றைப் பிடித்தவர்கள். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் வேலைக்குச் சென்ற பிள்ளையின் வரலாறு எந்நாட்டில் நடந்தாலும் அது நமக்கு அயலார் வரலாறு ஆகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவாலைகளில் நூறாண்டுக்கு முன் நிகழ்ந்ததும், அண்மையில் மீண்டும் நிகழ்ந்ததும் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிப்பி உரித்த சிறுவர்கள்

மெக்சிகோ வளைகுடாவின் கரையில், மிசிசிப்பி மாநிலத்தில் பிலாக்சி என்னும் ஊர் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சிப்பியின் சதையையும் இறாலையும் டப்பாக்களில் அடைத்து விற்கும் ஆலைகள் பல இருந்தன. குளிர்காலமே அத்தொழிலின் பருவம். அப்பருவத்திற்கு வேண்டிய ஆட்களை ஆலைக்காரர்கள் தரகர்கள் வழியாகத் தொலைவில் உள்ள பால்டிமோர் நகரிலிருந்து வரவழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பத்தினர். பருவம் முடிந்ததும் அவர்கள் வடக்கே திரும்பிப் பழமும் காய்கறியும் பறிக்கவும் பதனிடவும் செல்வர். ஆகவே அவர்தம் பிள்ளைகள் இரண்டு ஊர்களில் வாழ்ந்தும் எந்த ஊர்ப் பள்ளிக்கும் உரியவராகவில்லை.

கூலி ஆள் கணக்கில் வழங்கப்படவில்லை. உரித்த அளவுக்கே கூலி. இம்முறையில் ஒரு சூழ்ச்சி அடங்கியிருந்தது. தாயின் பாத்திரம் நிறைந்தால்தான் காசு என்னும்போது, பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையும் கத்தியை எடுத்துக்கொள்ளும். அப்பிள்ளையை வேலைக்கு அமர்த்தியவர் எவரும் இலர்; அதன் பெயர் எந்தக் கணக்கிலும் இராது; ஆனால் அதன் உழைப்பு மட்டும் ஆலைக்குப் போய்ச் சேரும். சிப்பி ஓட்டின் விளிம்பு விரலை அறுக்கும். இறாலின் சாறு தோலை அரிக்கும். விடியுமுன்னரே தொடங்கும் இவ்வேலையில் ஐந்து வயதுக் குழந்தைகளும் ஈடுபட்டிருந்தனர்.

இதனை உலகறியச் செய்தவர் ஓர் ஆசிரியர். லூயிஸ் ஹைன் என்பது அவர் பெயர். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர் 1908இல் அப்பணியை விட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் புகைப்படக்காரராக ஊர் ஊராகச் சென்றார். ஆலைகளின் வாயிற்காவலர் உள்ளே விடாதபோது மாறுவேடம் பூண்டார். தம் மேற்சட்டைப் பொத்தான்களின் உயரத்தைக் கொண்டே பிள்ளைகளின் உயரத்தை அளந்து, பைக்குள் மறைத்த ஏட்டில் குறித்துக்கொண்டார். 1911ஆம் ஆண்டு பிலாக்சியில் அவர் எடுத்த படம் ஒன்றில், மலைபோல் குவிந்த சிப்பி ஓடுகளின் முன்னே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். இறால் உரிப்பது அவன் தொழில். முந்தைய ஆண்டும் அவன் வேலை செய்தான் என்றும், அவனுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது என்றும் ஹைன் குறித்துள்ளார்.

சட்டம் பிறந்த வரலாறு

அப்படங்கள் மக்களின் மனச்சான்றைத் தொட்டன. 14 வயதுக்குட்பட்டோர் உழைப்பில் ஆலைகளிலும் டப்பா உணவுத் தொழிற்சாலைகளிலும் உருவான பொருள்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பலாகாது என்னும் சட்டம் 1916ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவேறியது. அச்சட்டத்திற்கான கிளர்ச்சி நடந்த காலத்தில்தான், 1913 முதல் 1916 வரை, அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றுகொண்டிருந்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள், 1918ஆம் ஆண்டு சூன் மாதம், அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அதனைச் செல்லாததாக்கியது. வரி விதிப்பதன் வாயிலாகத் தடுக்க முயன்ற மற்றொரு சட்டமும் 1922இல் வீழ்ந்தது. பின்னர் 1938ஆம் ஆண்டின் நியாய உழைப்புத் தரச் சட்டமே நிலைத்தது. முந்தைய தீர்ப்பு தவறென்று அதே நீதிமன்றம் 1941இல் ஒப்புக்கொண்டது. இறைச்சி ஆலையின் வெட்டும் எந்திரங்கள் போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வயது நிரம்பாதவரை ஈடுபடுத்தலாகாது என்பது அச்சட்டத்தின் வழிவந்த விதியாகும்.

நூறாண்டுக்குப் பின்

சட்டம் வந்தபின் சிக்கல் தீர்ந்தது என்று உலகம் நம்பியது. 2022ஆம் ஆண்டு அந்நம்பிக்கையைக் குலைத்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராண்ட் ஐலண்டு என்னும் ஊரில் பெரியதோர் இறைச்சி ஆலை உள்ளது. அவ்வூர் நடுநிலைப் பள்ளியில் 14 வயது மாணவி ஒருத்தியின் கைகளிலும் முழங்கால்களிலும் இரசாயனம் பட்ட புண்கள் இருப்பதைப் பள்ளியினர் கண்டனர். வகுப்பில் உறங்கிவிழும் பிள்ளைகளும் இருந்தனர். இரவு 11 மணி முதல் விடியற்காலை 5 மணிவரை, வாரத்தில் ஐந்தாறு நாள், ஆலையின் எந்திரங்களைக் கழுவும் பணியில் பிள்ளை ஒன்று ஈடுபட்டிருந்தது நீதிமன்ற ஆவணங்களால் வெளிப்பட்டது.

தொழிலாளர் துறை ஆய்வில் இறங்கியபோது உண்மை பெருகியது. ஆலைகளைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தம் பெற்றிருந்த பேக்கர்ஸ் சானிட்டேஷன் சர்வீசஸ் என்னும் நிறுவனம், 8 மாநிலங்களில் 13 ஆலைகளில், 13 முதல் 17 வயது வரையிலான 102 சிறாரை வேலைக்கு அமர்த்தியிருந்தது. அவருள் 27 பேர் கிராண்ட் ஐலண்டில் மட்டும் இருந்தனர். எலும்பறுக்கும் வாள்களையும் தலை பிளக்கும் கருவிகளையும் அரிக்கும் நீர்மங்களால் கழுவுவதே அவர்தம் வேலை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனம் 15 இலட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. பிள்ளை ஒன்றுக்கு 15,138 டாலர். சட்டம் அனுமதித்த மிக உயர்ந்த தொகையே அவ்வளவுதான். 2018இலிருந்து இத்தகைய சட்டமீறல் 69 விழுக்காடு உயர்ந்துள்ளது என்று அத்துறையே அப்போது அறிவித்தது.

இது எங்ஙனம் இயன்றது? காரணங்கள் மூன்று. முதலாவது, கடன். குவாத்தமாலா, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளிலிருந்து பெற்றோர் துணையின்றி எல்லை தாண்டி வரும் சிறாருள் பலர், அழைத்து வந்த தரகருக்குக் கடன்பட்டவர். ஊரில் பசித்திருக்கும் வீட்டிற்குப் பணம் அனுப்பவும் கடமைப்பட்டவர். இரண்டாவது, பொய்ச் சான்று. வேறொருவர் பெயரில் பெற்ற அட்டை இருந்தால் 14 வயது 22 ஆகிவிடும். மூன்றாவது, ஒப்பந்த முறை. ஆலை ஒருவருடையது, ஆளெடுப்பவர் வேறொருவர். குற்றம் வெளிப்பட்டதும் அவர்கள் எம் ஆட்கள் அல்லர் என்று ஆலை கைகழுவிவிடலாம். பிலாக்சியில் தாயின் பாத்திரத்துக்குள் மறைந்த பிள்ளை, நெப்ராஸ்காவில் பிறர் பெயருக்குள் மறைந்தது. அன்றும் இன்றும் கணக்கேட்டில் பிள்ளையின் பெயர் இல்லை.

2023ஆம் ஆண்டு சூலையில், பிலாக்சி அமைந்த அதே மிசிசிப்பி மாநிலத்தில், ஹேட்டிஸ்பர்க் நகரின் கோழி இறைச்சி ஆலையில் குவாத்தமாலாவிலிருந்து வந்த 16 வயதுச் சிறுவன் ஒருவன் எந்திரத்தில் சிக்கி மாண்டான். வயதில் தன்னினும் மிக மூத்த ஒருவரின் பெயரிலேயே அவன் வேலைக்குச் சேர்க்கப்பட்டிருந்தான். அதே ஆண்டில் ஆர்கன்சாஸ் மாநிலம், 16 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்க வயதை உறுதிசெய்து அனுமதி பெறவேண்டும் என்னும் விதியை நீக்கியது. 1918இல் ஒரு முறை பின்னோக்கிச் சென்ற சக்கரம் மீண்டும் செல்ல முயல்வதை இதனால் அறியலாம்.

நாம் கொள்ளும் பாடம்

பெற்ற உரிமை தானே நின்றுகொள்ளும் என்று எண்ணுவது பிழை. சட்டம் வேண்டும், ஐயமில்லை. ஆயினும் மறைக்கப்பட்ட பிள்ளையைக் கண்டது சட்டம் அன்று. 1911இல் கண்டவர் ஆசிரியராயிருந்த ஒருவர். 2022இல் கண்டது ஒரு பள்ளி. நாள்தோறும் அப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவருக்கே அதன் கையிலுள்ள புண் தெரியும்.

இதனை எழுதும்போது நமக்கும் ஒரு குற்ற உணர்வு எழாமலில்லை. வகுப்பில் உறங்கும் பிள்ளையை நாமும் கண்டிருக்கிறோம். சோம்பேறி என்று கடிந்ததும் உண்டு. இரவு எங்கேயிருந்தாய் என்று கேட்கத் தவறிய நாள்களும் உண்டு.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்பு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்தலாகாது என்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 முதல் 18 வயது வரையிலானோரையும் ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்கியுள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ ஆண்டின் நடுவில் வந்தது என்பதற்காகவோ எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்க இயலாது.

இன்று நம் ஊர்களுக்கும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் பிழைப்புத் தேடி வருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. பிலாக்சிச் சிறுவனுக்கு ஆங்கிலம் தெரியாதது போலவே. அன்று நம்மைப் பள்ளித் திண்ணைக்கு வெளியே நிறுத்தியவர்களின் குற்றம் நமக்கு நன்கு தெரியும். இன்று வெளியே நிற்கும் பிள்ளையை நாம் காணாததுபோல் கடந்து சென்றால், அக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டாகும். நம் சங்கத்தின் உதவியால் படித்து ஆலைகளில் மேற்பார்வையாளராக அமர்ந்துள்ள இளைஞர்களுக்கு இப்பொறுப்பு இரட்டிப்பாகும்.

ஆகவே வெள்ளி விழா ஆண்டில் நம் இளைஞர்கள் ஒரு பணியை மேற்கொள்ளல் வேண்டும் என விழைகிறோம். தத்தம் தெருவில் பள்ளி செல்லாத பிள்ளைகள் எவர் எவர் என்று கேட்டறிந்து ஒரு பெயர்ப்பட்டியல் எழுதுங்கள். மொழி எதுவாயினும், சாதி எதுவாயினும், ஊர் எதுவாயினும் எழுதுங்கள். அப்பிள்ளையைக் கைப்பிடித்து அருகிலுள்ள பள்ளியில் சேருங்கள். வேலையில் அகப்பட்டிருப்பின் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். ஆலையின் கணக்கேட்டில் இல்லாத அப்பெயர் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஏறட்டும். நம் சங்கம் 25 ஆண்டுகள் உழைத்ததும் அதற்காகவே.