பனிமேல் ஓடிய ஊர்தி

பழைய பனியூர்திகளின்மீது இளமையில் எனக்கிருந்த பற்று, பணிச்சுமைக்கிடையே அவிந்துபோயிற்று. அதனை மீண்டும் மூட்டியவர் புவியியல் ஆசிரியராய் விளங்கிய என் நண்பர். அவருக்கு நான் பட்ட நன்றிக் கடனை, அவர் எனக்குக் காட்டிய வரலாற்றை உங்களுக்குச் சொல்லியே தீர்க்க விழைகிறேன்.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் 1907-இல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. பதினைந்தாம் வயதிலேயே பழைய மோட்டார் எஞ்சினைக் கொண்டு பனியில் ஓடும் வண்டியொன்றைச் செய்தார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, குழந்தை இறந்தது.

துயரம் அவரை முடக்கவில்லை. ரப்பர் போர்த்திய பற்சக்கரம் சுழற்றும் பட்டைகளைப் பின்புறமும், சறுக்குக் கட்டைகளை முன்புறமும் அமைத்தார். எடை பரவியதால் வண்டி பனியில் புதையவில்லை. 1937-இல் காப்புரிமை கிடைத்தது. எழுவர் அமரும் அவ்வூர்தியும், பின்னர் வந்த பன்னிருவர் ஊர்தியும் நோயாளரையும் அஞ்சலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. 1948 முதல் கியூபெக்கில் குளிர்காலச் சாலைகளின் பனி அகற்றப்படலாயிற்று. அவற்றின் தேவை குறைந்தது. 1959-இல் அவர் வெளியிட்ட ஸ்கி-டூ என்னும் சிற்றூர்தியோ பொழுதுபோக்குக்குரியதாய் உலகப் புகழ் பெற்றது.

எஞ்சினின் ஆற்றலை வியந்து பிறந்தது என் பழைய பற்று. அவ்வூர்தி யாருக்காக ஓடியது என்னும் வினாவை அதனோடு சேர்த்துத் தந்தவர் என் நண்பர். பழம்பொறி எதனைக் கண்டாலும் நீங்களும் அவ்வினாவை எழுப்புங்கள்; வரலாறு விடை பகரும்.