வெனேடியத்துக்கு விரிச்ச வலை

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் ‘அணைவுச் சேர்மங்கள்’னு ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? நடுவில் ஒரு உலோக அயனி, அதைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு நிற்கிற ஈனிகள். இன்னைக்குக் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

சார்லஸ் பெடர்சன் 1904-ல் கொரியாவின் பூசானில் பிறந்தவர். அப்பா நார்வேக்காரர், அம்மா ஜப்பானியர். ஸ்கூல் ஜப்பானில், காலேஜ் அமெரிக்காவில். எம்.ஐ.டி.யில் மாஸ்டர்ஸ் முடிச்சதும் பிஎச்.டி. பண்ணச் சொன்னாங்க. அப்பா காசில் இன்னும் படிக்க அவருக்கு மனசில்லை. 1927-ல் டூபான்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துட்டார். கடைசிவரை ஆராய்ச்சிப் பட்டம் வாங்கவே இல்லை.

அங்கே அவருக்குக் கைவந்த வேலை, உலோகங்களைக் கட்டிப்போடுறது. பெட்ரோலில் துளி செம்பு கலந்தாலே அது சீக்கிரம் கெட்டுப்போகும். அந்தச் செம்பைப் பிடிச்சு அடக்கி வைக்கிற ஈனி ஒன்றை உருவாக்கினார்.

1962. வயசு அறுபதை நெருங்குது. இப்போ அவர் குறி வெனேடியம், ஒரு இடைநிலை உலோகம். அது வினையூக்கியா வேலை செய்யும். புது ஈனி ஒன்றை மாட்டினா அதோட குணம் எப்படி மாறும்னு பார்க்கணும். அதுக்காக ரெண்டு முனையிலும் ஃபீனால், நடுவில் ஈதர் ஆக்சிஜன்கள் இருக்கிற மூலக்கூறைச் செய்ய இறங்கினார். மூலப்பொருளில் சுமார் 10 சதவீதம் கேட்டகால் கலந்திருந்தது. அது தெரிஞ்சும், கடைசியில் சுத்தம் பண்ணிக்கலாம்னு வினையை நடத்தினார்.

கிடைச்சது பழுப்புப் பிசின். அதிலிருந்து பட்டு நூல் மாதிரி கொஞ்சம் வெள்ளைப் படிகம் பிரிஞ்சு வந்தது. அளவு வெறும் 0.4 சதவீதம். அவர் செய்ய நினைச்ச பொருளும் அது இல்லை.

ஆனா அது ஒரு விசித்திரம் பண்ணுச்சு. மெத்தனாலில் சரியாக் கரையாத அந்தப் படிகம், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் கரைஞ்சது. ஃபீனால் இருந்தா இது சகஜம். இதிலோ ஃபீனாலே இல்லை. வேற சோடியம் உப்பைப் போட்டுப் பார்த்தார். அப்பவும் கரைஞ்சது. அப்போ காரத்துக்கு இதில் பங்கில்லை, எல்லாம் சோடியத்தோட வேலை. மூலக்கூறு எடையை அளந்தா, நினைச்சதைவிட ரெண்டு மடங்கு. விஷயம் புரிஞ்சது: 18 அணுக்கள் சேர்ந்த வளையம், அதில் ஆறு ஈதர் ஆக்சிஜன், நடுக்குழியில் சோடியம்.

இதில் என்ன ஆச்சரியம்? சோடியம், பொட்டாசியம் எல்லாம் அணைவுச் சேர்மத்துக்கு லாயக்கில்லைனுதான் அன்னைக்குப் பொதுவான எண்ணம். ஈதரும் அப்படி ஒண்ணும் பலமான ஈனி கிடையாது. டெட்ராஹைட்ரோஃபியூரான்னு ஒரு ஈதர் டைட்டானியம், குரோமியம் குளோரைடுகளோடு சேரும். இன்னும் பலமான ஈனி வந்தா இடத்தைக் காலி பண்ணிடும். அந்த இளகின பிடிக்காகவே வேதியியலாளர்கள் அந்தச் சேர்மங்களை மத்த வினைகளுக்குத் தொடக்கப் பொருளா வெச்சுக்கிறாங்க. ஆனா ஆறு ஆக்சிஜன் ஒரே வளையத்தில் உள்நோக்கி நின்னா, கதையே வேற.

எனக்குப் பிடிச்ச சோதனை ஒண்ணு சொல்றேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பென்சீனில் கரையாது. இந்த வளைய ஈதர் ஒண்ணைச் சேர்த்தா, வளையம் பொட்டாசியத்தைப் பிடிச்சுக்கும். பெர்மாங்கனேட்டும் கூடவே உள்ளே வந்துடும். பென்சீன் ஊதாவா மாறும். அந்த நிறத்துக்குச் சொந்தக்காரர் மாங்கனீஸ், அதுவும் ஒரு இடைநிலை உலோகம்!

அயனி தலையில் கிரீடம் வெச்ச மாதிரி இருந்ததால் ‘கிரவுன் ஈதர்’னு பேர் வெச்சு, 1967-ல் தனி ஆளா கட்டுரை வெளியிட்டார். 1987-ல் டொனால்ட் கிராம், ழான்-மரி லென் கூட நோபல் பரிசு.

இதை அதிர்ஷ்டம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது பாதிக் கதையாத்தான் படுது. உலோகத்தை எது, எப்படிப் பிடிக்கும்னு பல வருஷம் யோசிச்ச மனுஷன் கண்ணில் அது பட்டது. வெனேடியம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அந்த 0.4 சதவீதத்தை எழுத ஒரு கட்டம்கூட இருந்திருக்காது. அதை அவர் தனியா எடுத்து வெச்சுப் பார்த்தார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.