வால்வுக்கு வழி தேடிய கதை

ஒரு பென்சிலை எடுத்துப் பாருங்கள். அதைவிடச் சற்றுப் பருத்த, 8 மில்லிமீட்டர் குழல் தொடைத் தமனிக்குள் நுழையுமா?

2002 ஏப்ரல் 16 அன்று, பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே முன் நின்ற கேள்வி இது. 57 வயது நோயாளிக்குப் பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தது. மார்பைத் திறக்க இயலாத நிலை. மடித்த வால்வைக் குழல்வழியே அனுப்பலாம். ஆனால் கால் தமனிகளோ அடைபட்டிருந்தன.

கிரிபியே சிரையை நாடினார். தொடைச் சிரை வழியாக வலது மேலறையை அடைந்து, இடைச்சுவரைத் துளைத்து, இடப்பக்கம் சென்று வால்வைப் பொருத்தினார். மனிதரிடம் இம்முறை கையாளப்பட்டது அதுவே முதல் தடவை. நோயாளி சில மாதங்களே வாழ்ந்தார். எனினும் முறை செல்லுபடியாகும் என்பது தெளிவாயிற்று.

பின்னர் இதய நுனி, காறை எலும்பின் கீழுள்ள தமனி, கழுத்துத் தமனி ஆகியவையும் வாயில்களாயின. 2013இல் அமெரிக்காவின் டெட்ராயிட்டில், வயிற்றின் பெருஞ்சிரையிலிருந்து அருகிலுள்ள பெருந்தமனிக்குத் துளையிட்டே நுழைந்தனர்! இரத்தம் பீறிடாதா என்பீர்கள். கசியும் இரத்தத்தால் சுற்றுத் திசுவில் அழுத்தம் கூடும். சிரையிலோ அழுத்தம் குறைவு. ஆகவே இரத்தம் சிரைத் துளை வழியே இதயத்துக்குத் திரும்பிவிடும். பணி முடிந்ததும் தமனித் துளையை அடைத்துவிடுவார்கள்.

இன்று குழல்கள் மெலிந்துவிட்டதால், பெரும்பாலோருக்குத் தொடைத் தமனியே போதும். அது கைகொடுக்காதவருக்கு மாற்று வழிதான் உயிர் வழி.