ஒரே பெயரில் இரண்டு நட்சத்திரங்கள்

ஆண்ட்ரோமீடா கேலக்ஸி எவ்வளவு தூரம்னு இன்னிக்கு போன்ல தேடினா, சுமார் 25 லட்சம் ஒளியாண்டுன்னு வரும். 1925-ல் எட்வின் ஹபிள் அறிவித்த கணக்கோ 9 லட்சம் சொச்சம்தான். தொலைநோக்கி சரியில்லையா? இல்லை. இரண்டு வகை நட்சத்திரங்களை ஒரே பெயரில் பட்டியல் போட்டதுதான் முக்கியக் காரணம். இன்றைய எபிசோட் அந்தப் பட்டியலோட கதை.

முதலில் ஹார்வர்டு ஆய்வகத்துக்குப் போவோம். பெரு நாட்டின் அரெக்கிபாவில் எடுத்த கண்ணாடித் தகடுகள் அங்கே வந்து சேரும். ஒவ்வொரு தகட்டிலும் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். ஒரே இடத்தை வேறு வேறு நாளில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எந்தப் புள்ளி பெருத்து இளைக்குதுன்னு கண்டுபிடிக்கணும். அதுதான் மாறும் விண்மீன். மணிக்கு 30 சென்ட் கூலிக்கு இதைச் செய்தவர் ஹென்ரியெட்டா லெவிட். நம் பக்கத்து கேலக்ஸிகளான இரண்டு மெகல்லன் மேகங்களில் மட்டும் 1777 விண்மீன்களை 1908-ல் பட்டியலிட்டார்.

அதில் சிறிய மேகத்திலிருந்த 25 விண்மீன்களை வைத்து 1912-ல் ஒரு விதியைச் சொன்னார்: மங்கிப் பிரகாசிக்க எடுக்கும் நாள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஒளி அதிகம். தூரத்து மலைக்கிராமத்து விளக்குகளை நினைச்சுப் பாருங்க. எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். அதனால ஒன்று பளிச்சுன்னு தெரிஞ்சா, அது நிஜமாவே பெரிய விளக்கு. செபீட் என்ற இந்த வகை விண்மீன், தூரம் அளக்கும் அளவுகோல் ஆனது இப்படித்தான்.

1923 அக்டோபர். மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஹபிள் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தார். புதிதாகத் தெரிந்த மூன்று புள்ளிகளுக்கு, திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் 'நோவா' என்று குறி போட்டார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது ஒன்று நோவா இல்லை. முன்பும் மங்கிப் பிரகாசித்திருந்தது. குறியை அடித்துவிட்டு 'வார்!' என்று, மாறும் விண்மீனுக்கான ஆங்கிலச் சுருக்கத்தை எழுதினார். கிட்டத்தட்ட 31 நாள் சுழற்சி கொண்ட செபீட் அது. அந்த ஒரு திருத்தத்தில் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே போய்விட்டது.

ஆனா கதை முடியல. இப்படிக் கிடைத்த தூரங்களை வைத்துப் பிரபஞ்சம் விரிவடையும் வேகத்தைக் கணக்கிட்டால், அதன் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிடப் பழசு! அம்மாவைவிட மகளுக்கு வயசு அதிகம்னா, ஏதோ ஒரு சான்றிதழ் தப்புன்னுதானே அர்த்தம்?

தப்பைப் பிடித்தவர் வால்ட்டர் பாடே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் விளக்குகள் மங்கிய இரவுகளில், ஆண்ட்ரோமீடாவின் மையப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் படமெடுத்தார். இளம் நட்சத்திரங்கள் ஒரு கூட்டம், முதியவை இன்னொரு கூட்டம் என்று பிரித்து 1944-ல் வெளியிட்டார். பிறகு பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கி வந்தது. ஹபிளின் தூரம் சரி என்றால், 'ஆர்ஆர் லைரே' என்ற முதிய மாறும் விண்மீன்கள் அதில் தெரிந்திருக்கணும். தெரியவில்லை. அப்போ கேலக்ஸி இன்னும் தள்ளி இருக்கு.

காரணம் இதுதான்: செபீட்களிலும் இரண்டு வகை. ஒரே சுழற்சி நாள் இருந்தாலும், இளம் வகை முதிய வகையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பிரகாசம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்திருந்தார்கள். விளக்கு நான்கு மடங்கு பெரிசுன்னா, தூரம் இரண்டு மடங்கு. 1952-ல் ரோம் மாநாட்டில் பாடே இதை அறிவித்ததும், கேலக்ஸிகளுக்கான தூரமும் பிரபஞ்சத்தின் வயதும் இரட்டிப்பாயின.

எங்க தொழில்லயும் இது தெரிஞ்ச சங்கதி. கோட் ஓடும், விடையும் வரும். டேட்டாவில் லேபிள் தப்புன்னா விடையும் தப்பு. சிலியிலிருந்து வானைக் கவனிக்கும் போலந்து நாட்டு ஓகிள் திட்டம், மெகல்லன் மேகங்களில் இளம் செபீட்கள் மட்டுமே 9,000-க்கும் மேல் பட்டியலிட்டிருக்கிறது. முதிய வகைக்குத் தனிப் பட்டியல். அந்தப் பிரிவினைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கு.

லெவிட் 1921-லேயே இறந்துவிட்டார். தன் பட்டியல் எவ்வளவு தூரம் போனது என்று அவர் பார்க்கவே இல்லை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.