மூச்சுவிடும் மின்கலம்

செவித்துணைக் கருவியின் வரலாறு பெரும்பாலும் ஒலிபெருக்கத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதன் உருவத்தைத் தீர்மானித்ததோ மின்கலம். 1930களில் வந்த வெற்றிடக் குழாய்க் கருவிக்கு இருவகை மின்கலங்கள் தேவைப்பட்டன: குழாயின் இழையைச் சூடாக்க ஒன்று, உயர் மின்னழுத்தம் தர மற்றொன்று. கேட்பவர் இரண்டையும் உடலில் கட்டிச் சுமந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சாமுவேல் ரூபன் உருவாக்கிய பாதரச மின்கலமும், 1952இன் இறுதியில் இக்கருவிக்குள் புகுந்த டிரான்சிஸ்டரும் அச்சுமையை இறக்கின. கருவி காதருகே ஏறியது.

பாதரசம் நஞ்சு என்பதை இடுக்கியின் அண்டை மலையான கொடைக்கானல் நன்கறியும். அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு குறித்த புகார்களையடுத்து 2001இல் மூடப்பட்டது. மின்கலத்தில் பாதரசத்தின் இடத்தைப் பிடித்தது, 1970களில் சந்தைக்கு வந்த துத்தநாக–காற்று மின்கலம். அதிலும் தொடக்கத்தில் சிறிதளவு பாதரசம் இருந்தது. இன்று பாதரசமற்றவையே பரவலாகிவிட்டன.

இதன் நுட்பம் எளியது. வினைக்கு வேண்டிய ஆக்சிசன் வெளிக்காற்றிலிருந்தே வருகிறது. ஆகவே உள்ளிடத்தின் பெரும்பகுதியைத் துத்தநாகத்தால் நிரப்பலாம். மேற்புறத்து நுண்துளைகளை மூடியிருக்கும் ஒட்டுவில்லையை உரித்தால் காற்று புகும், ஏறத்தாழ 1.4 வோல்ட் கிடைக்கும். மீண்டும் ஒட்டினாலும் வினை முற்றாக நிற்பதில்லை.

மூச்சுவிடும் பொருளுக்குத் தட்பவெப்பம் ஒரு பொருட்டே. காற்று வறண்டால் உள்ளிருக்கும் காரக்கரைசல் உலரும். ஈரம் மிகுந்தால் நீர் சேர்ந்து துத்தநாகம் விரிவடைய இடம் குறையும். இரண்டும் ஆயுளைக் குறைப்பவை. பாலக்காட்டுக் கணவாயின் மார்கழி, தை வறண்ட காற்றும், இடுக்கி மலைகளின் மழைக்கால மூடுபனியும் ஒரே மின்கலத்தை இருவேறு வழிகளில் சோதிக்கின்றன.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்ப்பது இதன் நிறக்குறியீடு. 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழரும் மலையாளியரும் ஒரே கடையில் வாங்குகையில் இக்குறியீட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆயினும் நிறம் பேசுவது அளவைப் பற்றி மட்டுமே. பயன்படுத்தும் நாள் வரை ஒட்டுவில்லையை உரிக்கலாகாது. உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றாட வைத்தே பொருத்த வேண்டும். குழந்தைகள் விழுங்காதவாறு காக்க வேண்டும். இவற்றைச் சொல்ல நிறம் போதாது, மொழி வேண்டும்.

தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. கடிதத்துக்குக் கிடைத்த உரிமை காதுக்கும் நீள வேண்டும். செவித்திறன் குறைந்த முதியவரிடம் வாய்மொழி விளக்கம் பாதியே சென்று சேரும். அவர் படிக்கும் எழுத்தில் நான்கு வரி அச்சிட்டுக் கொடுத்தால், மூச்சுவிடும் அச்சிறு மின்கலம் தன் முழு ஆயுளும் உழைக்கும்.